அப்பாவும் அந்தப் பையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு வாரம் யோசித்து, கடைசியில் அப்பாவிடமே கேட்டேன். "பேர் போடாம எழுதிக்கப்பா" என்றார். நான் டாக்டர் இல்லை, புனேயில் கட்டட வேலை பார்க்கும் இன்ஜினியர். அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

ஊரில் அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்" என்பார். ஐந்து மாதம் கழித்து அம்மாதான் உடைத்தாள். "வெளியவே போறதில்லடா. ஒண்ணுக்கு பின்பக்கமா வருது." சிறுநீரோடு காற்றும் வருமாம், அடிக்கடி குளிர் ஜுரமாம். பக்கத்து டாக்டர் ஒவ்வொரு தடவையும் இன்ஃபெக்‌ஷனுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரிடமும் அப்பா முழுசாகச் சொல்லவில்லை. வெட்கம்!

மலக்குடலுக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்து வழி உண்டாகிவிட்டது. ஃபிஸ்டுலா என்றதும் நாம் சொல்லும் பௌத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. ப்ராஸ்டேட்டை எடுக்கும்போது பின்னால் ஒட்டியிருக்கும் மலக்குடலில் காயம் பட்டால் வரலாம். கரண்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு வருஷங்கள் கழித்தும் வரலாம்.

புனேக்கு அழைத்து வந்து காட்டினோம். முதலில் குடலைத் திருப்பி வயிற்றில் ஒரு பை, சிறுநீர்ப்பைக்கு ஒரு டியூப். மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்பேர் என்றார் டாக்டர். வீட்டில் பூகம்பம்! "பையெல்லாம் எதுக்கு மாப்ள, ஒரே தடவைல அடைக்கிற டாக்டரா பாருங்க" என்று மாமா போனில் கத்தினார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தண்ணீர் கசியும் சுவரில் பூச்சு நிற்குமா? சின்ன ஓட்டையாக இருந்தால் சிலருக்குப் பை இல்லாமலும் செய்கிறார்கள்தான். சிலருக்குப் பை வைத்துக் காத்திருப்பதிலேயே மூடிக்கொள்வதும் உண்டு. ஆனால் முதல் ரிப்பேர்தான் நல்ல வாய்ப்பு. அது தோற்றால் தழும்பு இறுகி அடுத்தது இன்னும் கஷ்டம். பைக்குக் கூச்சப்பட்டு அந்த வாய்ப்பை வீணாக்குவதா?

ரிப்பேரிலும் பல வழிகள். சின்னதை ஆசனவாய் வழியாகவே, மலக்குடலின் உள்தோலை இழுத்து மூடிவிடலாம். யார்க் மேசன் முறை 1969-லேயே வெளியானது. பின்பக்கமாக, மலத்தை அடக்கும் தசையையே பிரித்து உள்ளே போய் அடைத்துவிட்டு, தசையை அடுக்கடுக்காகத் திரும்பத் தைப்பது. கேட்டாலே பயமாக இருக்கிறது, ஆனால் அதன்பின் அடக்க முடியாமல் போவது அபூர்வமாம். வயிற்று வழியாக லேப்ராஸ்கோப்பிலோ ரோபோவிலோ செய்வதும் உண்டு.

அப்பாவுக்குச் சொல்லியிருப்பது விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வெட்டிப் போவது. ரெண்டு குழாயையும் பிரித்துத் தனித்தனியே தைத்து, நடுவில் உள்தொடையிலிருந்து கிராசிலிஸ் தசையை ரத்த ஓட்டம் அறாமல் திருப்பி வைப்பார்கள். சிறுநீர்க்குழாய்ப் பக்கம் ஓட்டை பெரிதாக இருந்தால் கன்னத்தின் உள்தோலை எடுத்து ஒட்டுவார்களாம். "தொடைச் சதைய எடுத்தா நடக்க முடியுமா சார்?" என்று அப்பா கேட்டார். மற்ற தசைகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், நடைக்குப் பெரிதாகக் குறையில்லை என்றார் டாக்டர்.

கரண்ட் வைத்தவர்கள் கதை வேறு. அங்கே சதையில் ரத்த ஓட்டம் குறைவு, தையல் ஆறுவது கஷ்டம். புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று முதலில் சதை எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு நிரந்தரமாகப் பையோடு இருப்பதே நல்லது என்று டாக்டர்களே சொல்வதுண்டு. அதனால் பழைய ஃபைலை மறைக்காமல் கொண்டுபோங்கள்.

இது அபூர்வமான தொல்லை. "இதே ஆபரேஷன் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. குடல் சர்ஜனையும் சேர்த்துக்கொண்டு செய்வதாகச் சொன்னார். கோபப்படுகிறவராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஊரில் இருக்கும் அப்பாவிடம் "நல்லா இருக்கீங்களா" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். ஆபரேஷன் ஆனவர் என்றால் ஒண்ணுக்கு எப்படிப் போகிறது என்று நேராகவே கேளுங்கள். ரெண்டு நிமிஷக் கூச்சம், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வேட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டி, மேலே தொளதொள சட்டை போட்டால் பை தெரிவதில்லை என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். நேற்று சாயங்காலம் தனியாகக் கீழே இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.