கீழாநெல்லியைத் திருப்பிப் பாருங்க

ஆவணி கடைசியில ராஜா அண்ணாமலைபுரம் போயிருந்தேன். தங்கச்சி குடும்பம் அங்கதான் இருக்கு. மச்சான் ஒரு அப்பார்ட்மெண்டுல வாட்ச்மேன். கார் நிறுத்துற இடத்துக்குப் பின்னால ஒரு ரூம், அதுலதான் நாலு பேரும். பெரிய பையனுக்குக் காமாலைனு போன் வந்து, மல்லாட்டைக் கொல்லையில களையெடுப்பைப் பாதியில விட்டுட்டு ஓடினேன்.

நான் போறதுக்குள்ள 9 நாள் ஆயிருந்துது. தினமும் வெறும் வயித்துல கீழாநெல்லியை அரைச்சு மோருல குடுத்திருக்காங்க. டாக்டர்கிட்ட காட்டல. "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாதாமேண்ணே, எல்லாரும் சொல்றாங்க"ன்னா தங்கச்சி. பையன் கண்ணு மஞ்சக்கிழங்கு மாதிரி இருக்கு, சோத்தைக் கண்டா வாந்தி எடுக்கறான்.

செடி ஏதும்மானு கேட்டேன். மூணாவது மாடி அம்மா குடுத்தாங்களாம். நல்ல மனசுக்காரங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன். தெருவோரத்துலயும் காம்பவுண்டு ஓரத்துலயும் பறிச்சு, போன்ல படம் எடுத்து ஆப்புல போட்டுப் பாத்து, கீழாநெல்லினு வந்ததும் கட்டுக் கட்டா பிரிட்ஜுல வச்சிருக்காங்க. மிச்சம் இருந்த ஒரு கட்டைப் பேப்பர்ல கொட்டிப் பிரிச்சேன். மொத்தம் 38 செடி. அதுல கீழாநெல்லி 11தான். 24 மேலாநெல்லி. 2 செடி என்னனு எனக்கே தெரியல. ஒண்ணு புளியங்கன்னு. மரத்தடியில முளைச்ச புளியங்கன்னை அரைச்சுக் குடிக்க இருந்தான் எங்க பையன்!

இதைச் சொன்னா, "விடுங்க சார், எல்லாம் மூலிகைதானே, இயற்கைதானே"ங்கறார் பக்கத்து பிளாட்காரர். எனக்குக் கோவம் வர்றதே இந்த வார்த்தைக்குத்தான். அரளி இயற்கை இல்லையா? ஊமத்தை என்ன கம்பெனியில செஞ்சதா? காய்கறிக் கடையில வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பாக்கறீங்க, முருங்கைக்காயை முறுக்கிப் பாக்கறீங்க. வியாதிக்காரன் வாயில ஊத்துற செடியை ஒரு தடவை திருப்பிப் பாக்க நேரமில்லையா?

திருப்பிப் பாக்கறதுனு சும்மா சொல்லல. கீழாநெல்லியோட பேரே அங்கதான் இருக்கு. நடுத்தண்டுல ஒழுங்கான இலை இருக்காது. பக்கத்துல போற சின்னக் கிளையில ரெண்டு வரிசையா இலை. தூரத்துலேர்ந்து பாத்தா அந்தக் கிளையே ஒரு புளிய இலை மாதிரி தெரியும். அதைத் திருப்பினா அடியில குட்டிக் குட்டி உருண்டைக் காய் வரிசையா தொங்கும். காய்க்குச் சின்னக் காம்பு உண்டு, தோல் வழவழப்பு. இலையை மென்னா கசக்கும். இதோட அறிவியல் பேரு பில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ்னா லத்தீன்ல கசப்புனு எங்க ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார்.

சிவப்புக் கீழாநெல்லினு ஒண்ணு இருக்கு. அதுலயும் காய் அடியிலதான், ஆனா காம்பே இல்லாத மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், தோல் சொரசொரப்பு. தண்டு செவந்திருக்கும். மேலாநெல்லினு பேர் இருக்கறதால காய் இலைக்கு மேல உக்காந்திருக்கும்னு தேடாதீங்க, ஏமாந்துபோவீங்க. காய் இலைக்கணுவுலதான் இருக்கும். இலையைப் பாருங்க. நுனி அகலம், அடி குறுகல், ஆப்பு மாதிரி. நடுத்தண்டுலயும் இலை இருக்கும். கிளையில புளிய இலை சாயலே வராது. இதைத் தெரிஞ்சிக்க ஆப்பு வேணாம், கண்ணு போதும்.

இதுக்கு மேல ஒரு சங்கடம் இருக்கு. கீழாநெல்லி மாதிரியே இன்னும் ரெண்டு மூணு இனம் உண்டு. காய்க்கு அடியில இருக்கற புல்லி இதழை எண்ணணும். அமாரஸ்னா அஞ்சு, மத்ததுல சிலதுக்கு ஆறு. லென்ஸ் இல்லாம முடியாது. கண்ணாடி போட்டாலும் நான் இதுல தோத்துப்போறேன்.

படிச்சவங்களே பேர்ல தடுமாறின செடி இது. மஞ்சள் காமாலை பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் பரிசு வாங்கின புளூம்பெர்க் குழு, 1987ல இந்தச் செடியைப் பத்தி எழுதினப்ப பில்லாந்தஸ் நிரூரினு பேர் போட்டுது. நிரூரிங்கறது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்ம ஊருது வேற. அடுத்த வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும் புளூம்பெர்க்கும் சேந்து லான்செட்ல எழுதினப்பதான் அமாரஸ்னு வந்துது. பி வைரஸ் உடம்புல தங்கிப்போனவங்களுக்கு 30 நாள் பொடி குடுத்தாங்க. 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸ் அடையாளம் மறைஞ்சுது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுது. நடந்தது நம்ம சென்னையில.

வாட்சப்புல கதை இதோட நின்னுடும். அப்புறம் வேற வேற ஊர்ல செஞ்சு பாத்தப்ப அந்த அளவு பலன் வரலைங்கறதை யாரும் பார்வர்டு பண்ண மாட்டாங்க. காமாலைங்கறது ஒரு வியாதியும் இல்ல. அசுத்தத் தண்ணியில வர்ற ஏ வகை பெரும்பாலும் தன்னாலயே வடிஞ்சுடும். அப்ப என்ன குடிச்சிருந்தாலும் பேர் அதுக்குத்தான். புளியங்கன்னு குடிச்சிருந்தாலும் "சித்த வைத்தியம்டா"னு சொல்லியிருப்போம். உண்மையான சித்த மருத்துவர் நாடி பாப்பார், செடியும் பாப்பார், ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வானும் சொல்வார்.

எங்காளுங்களும் யோக்கியம் இல்ல. ஐப்பசி மழைக்கப்புறம் கொல்லையில களைக்கொட்டுல வெட்டிப் போடறதுல கீழாநெல்லி, மேலாநெல்லி எல்லாம் கலந்துதான் கிடக்கும். ஏஜெண்டு வந்து எடை போட்டு வாங்கிட்டுப் போவான். அவன் பிரிக்கறதில்ல, நாங்களும் பிரிச்சுக் குடுக்கறதில்ல. பிரிச்சா கூலி கட்டாது. நீங்க டப்பாவுல வாங்குற பொடிக்கும் இந்தக் குவியலுக்கும் சம்பந்தம் இல்லைனு என்னால சத்தியம் பண்ண முடியாது.

நான் போன அன்னிக்கே பையனை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். 6 நாள் வச்சிருந்தாங்க. பொழைச்சுக்கிட்டான். முதல் நாளே வந்திருக்கலாமேனு டாக்டர் கேட்டப்ப தங்கச்சி தரையைப் பாத்துக்கிட்டு நின்னா. தோடு இன்னும் அடகுலதான் இருக்கு. சரியான கீழாநெல்லியே குடுத்திருந்தா சரியாயிருக்குமானு கேட்டா, அதுக்கும் நான் ஆமாம்னு சொல்ல மாட்டேன்.

பறிச்ச இடம் வேற. நாய் கால் தூக்குற சுவரோரம், சாக்கடை பொங்குற தெரு. அங்கேர்ந்து நடக்குற தூரத்துல அடையாறு முகத்துவாரத்தை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா இருக்கு, 58 ஏக்கர், 2011ல திறந்தது. தெருச் செடியைப் பறிக்கற நேரத்துல பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போய் இலையைப் பாக்கக் கத்துக் குடுக்கலாம்.

இதை எழுதறதுக்கு முந்தின நாள் மூணாவது மாடி அம்மா போன் பண்ணினாங்க. "உங்க ஊர்லேர்ந்து ஒரிஜினல் கீழாநெல்லி ரெண்டு கிலோ அனுப்புங்க, காசு குடுத்துடறேன்." அனுப்ப மாட்டேன்னுட்டேன். ஐப்பசி மழை நின்னதும் திண்டிவனம் பஸ் ஏறி வாங்க, எங்க வரப்புல மூணு வகையும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது, உக்காந்து நீங்களே பிரிங்கனு சொல்லியிருக்கேன். யோசிச்சு சொல்றேன்னாங்க.