நீதிக்கு ஆகும் செலவு

இரணியல் நீதிமன்ற வாயிலில் ஒரு முற்பகல் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். சாட்சி சொல்ல வந்தவர், அன்றைய கூலியையும் இழந்து, ‘வாய்தா’ என்னும் ஒரு சொல்லைப் பெற்றுத் திரும்புகிறார். இவ்விழப்பு எந்த அரசின் வரவு செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

புதிய குற்றவியல் நீதிமன்றங்கள் வேண்டும் என்றால், ‘பணம் எங்கே?’ என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. கட்டடம் ஒருமுறைச் செலவு. நீதிபதி, எழுத்தர், அரசு வழக்கறிஞர் ஆகியோரின் ஊதியமோ ஆண்டுதோறும் தொடர்வது. பதினோராம் நிதிக்குழு 2000-இல் 1,734 விரைவு நீதிமன்றங்களுக்கென ரூ.502.90 கோடி பரிந்துரைத்தது. 2011 மார்ச்சுடன் மத்திய அரசின் நிதியுதவி நின்றது. பல மாநிலங்களில் அம்மன்றங்கள் மூடப்பட்டன.

ஆயினும், பணமின்மையைக் காட்டி விரைந்த விசாரணையை அரசு மறுத்தலாகாது என உசைனாரா காத்தூன் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் வாடியோரின் வழக்கு அது. அவர்களை அடைத்து வைத்து உணவிட்டதும் பொதுப்பணமே அன்றோ?

எனவே, நீதிமன்றம் அமைக்கும் செலவோடு, அமைக்காமையால் நேரும் செலவையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். மானியம் உள்ளவரை திறந்து பின்னர் மூடும் மன்றங்கள் வேண்டா. நிலையான பணியிடங்களோடு கூடியவையே வேண்டும் என்பது நம் துணிபு.