தோட்டக் கதை வேணாமாம்!

போன ஞாயிற்றுக்கிழமை திருவிழா மலர் கூட்டத்துல நடந்ததைச் சொல்லாம எங்களுக்குத் தூக்கம் வரல.

வயசான பாட்டிமார்கிட்ட பழைய தோட்டக் கதைங்களைக் கேட்டு மலர்ல போடலாம்னு தொண்டர்கள் நாங்க சொன்னோம். உடனே ஒருத்தர், "கூலிக் கதை எதுக்கு? பிள்ளைங்களுக்கு வெட்கமா இருக்கும். ராஜேந்திர சோழன் கடாரம் வென்றதைப் போடுங்க"ன்னார். நாலஞ்சு பேர் தலையாட்டினாங்க.

சோழனையும் போடுங்க, வேணாங்கல. ஆனா இந்த அம்மனுக்கு முதல் பூசை போட்டது சோழனா? பால்மரம் வெட்டுன காசுல போட்ட பூசைதானே! கூலின்னா செய்த வேலைக்கு வாங்குற சம்பளம். நல்ல தமிழ்ச் சொல். அதை ஆளுக்கே பேரா வச்சு, ஏச்சா மாத்தினவன் வெள்ளைக்காரன். அவன் 1957-ல போயிட்டான். அவன் கொடுத்த வெட்கத்தை நாம இன்னும் பத்திரமா வச்சிருக்கோம்.

சயாம் மரண ரயிலை எடுத்துக்குங்க. ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமா நம்ம ஆளுங்களைக் கொண்டுபோனான். அங்க செத்த வெள்ளைக்காரக் கைதிங்களைவிட ஆசியத் தொழிலாளிங்க பல மடங்கு. ஆனா உலகத்துக்குக் கதை சொன்னது யாரு? பியர் போல். போருக்கு முன்னால மலாயா ரப்பர் தோட்டத்துல வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். அவர் 1952-ல எழுதின நாவல் ஆங்கிலேயக் கைதிங்க கதை. நமக்கு மெர்டேக்கா கிடைச்ச அதே 1957-ல அது படமா வந்து ஆஸ்கார் எல்லாம் வாங்கிச்சு. காஞ்சனபுரி போர் மயானத்துல கிட்டத்தட்ட 7,000 கல்லறை இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அதுல இடமில்ல.

நம்ம பக்கத்தை எழுதினவர் அ. ரெங்கசாமி ஐயா, 'நினைவுச்சின்னம்' நாவல்ல. தலையாட்டினவங்கள்ல எத்தனை பேர் படிச்சீங்க? (நாங்களும் ரொம்ப லேட்டாத்தான் படிச்சோம், ஒத்துக்கிறோம்.)

1941-ல கிள்ளான் தோட்டங்கள்ல வேலைநிறுத்தம் பண்ணவங்க சம்பளம் மட்டுமா கேட்டாங்க? கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டா சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம்னாங்க. அதுக்கு ராணுவம் சுட்டு உயிரே போச்சு. அவங்க இறங்கல. நாமதான் இப்ப யாரும் சொல்லாமலே இறங்குறோம்.

வர்ற வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு அன்னதானக் கூடத்துல உட்காருவோம். பெக்கான் நானாஸ், பெனுட், ஆயர் பாலோய் பக்கம் தோட்டத்துல வேலை செஞ்ச தாத்தா பாட்டி இருந்தா கூட்டிட்டு வாங்க. போன்ல பதிவு பண்ணிக்கிறோம். மலர்ல இடமில்லன்னா போட்டோஸ்டேட் எடுத்து பிரசாதத்தோட நாங்களே கொடுப்போம்.