கரியவன் தீயவனா? மும்பைச் சித்திரங்களின் உருவ இலக்கணமும் தமிழாய்வின் மௌனமும்

முன்னுரை

அசைவூட்டப் படக்கலையைக் கற்பிக்கும் கையேடுகளில் ஒரு விதி ஐயத்திற்கு இடமின்றி ஓதப்படுகிறது. வட்டம் நன்மைக்கு உரியது. முக்கோணம் தீமைக்கு உரியது. ஒளிர்நிறம் கதைத்தலைவனுக்கு, இருள்நிறம் அவன் பகைவனுக்கு. பாத்திரம் வாய்திறக்கும் முன்பே அதன் பண்பைக் குழந்தை அறிந்துகொள்ள இவ்விதி உதவுகிறது என்பர். இது மனித இனம் முழுமைக்கும் பொதுவான உளவியல் என்றும் கூறுவர். இவ்விதி பொதுவானதும் அன்று, குற்றமற்றதும் அன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. மும்பையில் வரையப்பட்ட உருவங்களே இதற்குச் சான்றாகின்றன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்தம் பிள்ளைகள் இவ்வுருவங்களைக் கண்டே வளர்ந்தனர்; இன்றும் வளர்கின்றனர்.

மும்பையின் வரைமேசை

1956ஆம் ஆண்டு மும்பையில் நடுவண் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் நிறுவனம் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்குப் பயிற்சியளித்தார். இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியாகிய ராம் மோகன் அப்பட்டறையில் உருவானவர். 1967இல் அனந்த் பை அதே நகரில் அமர் சித்திரக் கதை வரிசையைத் தொடங்கினார். அவ்வரிசை தமிழிலும் வெளிவந்து, புராண மாந்தரின் முகம் இன்னது என்று பல தலைமுறைகளின் மனத்தில் பதித்தது.

அப்பக்கங்களில் தேவரும் அரசரும் வெளிறிய மேனியும் கூர்நாசியும் செதுக்கிய உடலும் பெற்றனர். அசுரரும் அரக்கரும் கறுத்த அல்லது பழுப்பேறிய மேனியும் பருத்த வயிறும் தடித்த இதழும் பெற்றனர். இவ்வேறுபாட்டை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். கண்ணனும் இராமனும் நீலநிறத்தினர் ஆதலால் இங்கு நிறவேற்றுமை இல்லை என்று மறுப்போர் உளர். அம்மறுப்பு நில்லாது. நூல்கள் கருமேகம் என்று பாடியதைத் தூரிகை நீலமாக்கியது. மனிதர் எவரும் பெறாத நிறம் ஒன்றைத் தெய்வத்திற்கு அளித்துக் கருமையினின்றும் அதனைப் பிரித்தது. கருமை அரக்கர்க்கும் ஏவலர்க்கும் எஞ்சியது.

இவ்வழக்கு மும்பையோடு நிற்கவில்லை. ஐதராபாத்தில் உருவாகி 2008 முதல் ஒளிபரப்பான சோட்டா பீம் தொடரில் சிறுவன் பீமனுக்கு எதிராக நிற்கும் முரடனின் பெயர் காலியா. கருமையைச் சுட்டும் சொல்லினின்று பிறந்த பெயர் அது. கடலுக்கு அப்பாலும் நிலை இதுவே. 1994இல் வெளிவந்த தி லயன் கிங் படத்தில் அறநெறி அரசன் முஃபாசா பொன்னிறத்தவன். அவனைக் கொன்று அரியணை ஏறும் ஸ்காரின் பிடரிமயிர் கருநிறத்தது. ஒரே குருதியிற் பிறந்த உடன்பிறந்தார்க்கும் அறம் நிறத்தால் பங்கிடப்படுகிறது.

வில்லனும் கோமாளியும்

தமிழ் உருவத்திற்கு மும்பைக் கலை பெரிதும் அளித்தது வில்லன் இடம் அன்று, அதனினும் தாழ்ந்த கோமாளி இடம். 1968இல் வந்த படோசன் திரைப்படத்தில் தென்னிந்திய இசையாசிரியர் எள்ளலுக்கென்றே ஒப்பனை செய்யப்பட்டார். தமிழ் நாட்டுப்புறக் கதைகளை வேராகக் கொண்டு 1983 முதல் டிங்கிள் இதழில் உலவிவரும் சுப்பாண்டி, விந்தையான தலையும் மந்த அறிவும் உடைய ஏவலாளன். 2011இல் வந்த ரா.ஒன் படத்தில் சேகர் சுப்பிரமணியம் என்னும் தமிழர் கணினி விளையாட்டை வடிவமைப்பவர். நடையும் பேச்சும் உணவுமுறையும் நகைப்புக்கு ஆளாகும் அவருடைய முகத்தைத் திருத்தி, நீலக் கவசம் அணிவித்தபின்னரே கதைத்தலைவன் பிறக்கிறான். இராவணன் பெயரை எதிரொலிக்கும் பகைவனுக்குச் செந்நிறக் கவசம். தமிழ்த்தன்மை களையப்பட்டாலன்றி அதே முகம் வீரமுகம் ஆகாது என்பது இவ்வடிவமைப்பின் உட்பொருள்.

இவை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுவோர் மும்பையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். கேலிச்சித்திரக்காரராகிய பால் தாக்கரே 1960இல் மார்மிக் வார இதழைத் தொடங்கினார். உயர்பணிகளில் இருந்த தென்னிந்தியர் பெயர்ப்பட்டியல்கள் அவ்விதழில் வெளியாயின. 1966இல் சிவசேனை தோன்றியது. தென்னிந்தியரின் லுங்கியைக் குறிவைத்து முழக்கம் எழுந்தது. அவர்தம் உணவகங்கள் தாக்கப்பட்டன. கேலிச்சித்திரமே வன்முறையை விளைத்தது என்று கூறுதல் மிகையாகும். எனினும் ஒரு மக்கள்திரளை ஓர் ஆடையாகச் சுருக்கிக் காணும் பார்வை, அத்திரளை விரட்டுவதை எளிதாக்கும் என்பதை மறுத்தல் இயலாது.

தமிழ் மரபு தரும் சான்று

கருமை தீமை என்பது மனித இயற்கை எனின், சங்கப் புலவர் அவ்வியற்கைக்குப் புறம்பானவர் ஆவர். முல்லைத் தெய்வம் மாயோன். கருமையே அவன் பெயர். தலைவியின் அழகு மாமை. அதனைத் தின்று கெடுப்பது வெளிறிய பசலை. குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் தலைவி அஞ்சுவது இவ்வெளிறலையே. கம்பனில் அரக்கரும் கரியர், இராமனும் கரியன். ஆங்கே நிறம் அறத்தைப் பகுக்கும் கோடாக அமையவில்லை.

நிகழ்கலைகளும் இதனையே உரைக்கின்றன. கதகளியில் இராவணனும் துரியோதனனும் கத்தி வேடத்தினர். உயர்குடித் தலைவர்க்குரிய பச்சை நிறமே அவர்தம் முகத்திற்கும் அடித்தளம். தெருக்கூத்தில் துரியோதனனும் அருச்சுனனைப் போன்றே கிரீடமும் புயக்கட்டையும் அணிகிறான். திரௌபதியம்மன் விழாவின் படுகளத்தில் மண்ணுருவாய்க் கிடக்கும் அவனுக்கும் ஒப்பாரி உண்டு. பகைவனை அடையாளம் காட்டும் இக்கலைகள் அவன் மாண்பைப் பறிக்கவில்லை. ஆகவே விரைந்து அடையாளம் காட்டவேண்டும் என்னும் தேவை, இழிவுபடுத்துதற்குக் காரணம் ஆகாது.

கோட்பாட்டு நிலையிலும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் துணைநிற்கிறது. பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களாக அது கூறுவன கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பனவே. தோளகலமும் மேனிநிறமும் அப்பட்டியலில் இல்லை. மெய்ப்பாடு உள்ளத்தினின்று மெய்க்கு வருவது. கையேட்டு விதியோ மெய்யினின்று உள்ளத்தை முன்கூட்டியே தீர்மானிப்பது. முன்னது பாத்திரம் மாறுவதற்கு இடம் தருகிறது. பின்னது பிறப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது. சாதியின் தருக்கமும் இதுவே என்பதை விளக்கவேண்டுவது இல்லை.

தலைகீழாக்கம் போதுமா?

2018இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் காலா திரைப்படம் தாராவியைக் களமாகக் கொண்டு இவ்விலக்கணத்தைத் தலைகீழாக்கியது. கரிய ஆடை தலைவனுக்கு. வெள்ளாடை நிலம் பறிக்கும் அரசியல்வாதிக்கு. 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடைநீங்கிய புலவர் குழந்தையின் இராவண காவியம் தலைவன் இல்லத்தில் காட்டப்பெறுகிறது. தூய்மை என்னும் முழக்கம் உழைப்போரை அவர்தம் மண்ணினின்று அகற்றும் கருவியாகலாம் என்பதை வெண்மையைக் கொண்டே அப்படம் உணர்த்தியது.

இருப்பினும் நிறங்களை இடம் மாற்றுவதோடு பணி முடிந்துவிடாது. கரியவன் நல்லவன், வெளியவன் தீயவன் எனினும் நிறத்தைக் கொண்டு பண்பை அளக்கும் கோல் முறியாமலே இருக்கும். அப்படத்தின் இறுதியில் கருமையும் செம்மையும் நீலமும் கூட்டத்தின்மேல் கலந்து பரவும் காட்சியே இதனைக் கடந்து செல்கிறது. ஆங்கு நிறம் ஒருவனது பிறவிக்குறி அன்று. பலர் சேர்ந்து ஏந்தும் கொடி.

முடிவுரை

அசைவூட்டப் படம் சிறுவர்க்குரியது, காட்சித் தொடர்பியல் துறைக்குரியது என்று தமிழ்த்துறைகள் ஒதுங்கியிருத்தல் நன்றன்று. உருவம், உவமை, மெய்ப்பாடு ஆகியவற்றை ஈராயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்த மரபு கையிருக்க, அயல் கையேடுகள் மட்டும் தீர்ப்புக் கூறுவதற்கு இடந்தருதல் துறையின் கடமை தவறுதலாகும். மெய்ப்பாட்டியலைப் பாடம் சொல்லும் வகுப்பறையில் ஒரு சித்திரக்கதைப் பக்கமும் விரிக்கப்படுதல் வேண்டும். தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன்களைக் கொண்டு அப்பக்கத்தின் வில்லன் மீண்டும் விசாரிக்கப்படுதல் வேண்டும். கதையின் தொடக்கத்திலேயே தன் நிறத்தைப் பகைவன்மேல் காணும் தாராவிச் சிறுமிக்கு, அப்படம் பொய் சொல்கிறது என்று எடுத்துரைக்கும் பொறுப்பு தமிழாசிரியர்க்கு உண்டு.