கல்நாரும் ‘கருதப்படும்’ விபத்தும்

இந்தியாவில் கல்நார்த் தூசியால் எவரும் சாவதில்லை என்று நம்ப விரும்புவோருக்கு அரசின் பதிவேடுகள் பேருதவி புரிகின்றன. அவற்றில் அம்மரணங்கள் மிகச் சொற்பம். காசநோய் என்றும் ஆஸ்துமா என்றும் மூப்பு என்றும் எழுதப்பட்ட தாள்களுக்குள் அவை புதைந்து கிடக்கின்றன.

நோயின் போக்கில் மர்மம் ஏதுமில்லை. கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலின் அடியாழத்தில் தங்குகிறது. உடலால் அதைக் கரைக்க இயலாது. சுற்றியுள்ள திசு வடுவாகி இறுகுகிறது. அஸ்பெஸ்டோசிஸ் வெளிப்படப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள், மீசோதெலியோமா என்னும் புற்றுநோய்க்கு 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல். இருபத்தைந்து வயதில் கூரைத்தகடு ஆலையில் கல்நார் மூட்டையைப் பிரித்துக் கொட்டியவர், ஐம்பத்தைந்தில் நான்கு படி ஏறி மூச்சிரைத்து நிற்கிறார்.

இனிச் சட்டத்தைப் படிக்கலாம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் அஸ்பெஸ்டோசிஸையும், கல்நார் விளைவிக்கும் நுரையீரல் புற்றையும், மீசோதெலியோமாவையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் நோயை நோயாக அது ஏற்கவில்லை; ‘விபத்தால் நேர்ந்த காயமாகக் கருதப்படும்’ என்றது. விபத்துக்கு நாள் உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. முப்பதாண்டு மூச்சுக்கு எந்த நாளைக் குறிப்பது? பத்தாம் பிரிவு விடை தந்தது: வேலையை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால், அது முதலில் கண்டறியப்பட்ட நாளே விபத்து நாள். இரண்டே ஆண்டுகள்! இருபதாண்டு உறங்கும் நோய்க்கு இந்தக் கணக்கைப் போட்டவர் மருத்துவ நூலைப் புரட்டியவராகத் தெரியவில்லை.

தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டே என்பார்கள். உண்டு. ‘மன்னித்தல்’ என்ற அச்சொல்லை மட்டும் சற்று உற்று நோக்க வேண்டும். தாமதித்தது நோய்; மன்னிப்புக் கோரி மனுப் போடுபவர் நோயாளி; கல்நாரைக் கொட்டச் சொன்ன ஆலை அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை.

உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று தந்த தீர்ப்பு இந்த இடைவெளியை அறிந்திருந்தது. தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவேட்டில் பெயரே ஏறாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எதைக் காக்கும்? 2006இல் ‘கிளெமான்சோ’ போர்க்கப்பலை அதனுள் இருந்த கல்நாருக்காகப் பிரான்சு திருப்பி அழைத்துக்கொண்டது. அதற்கு முன் அலாங் கடற்கரைக்கு வந்த கப்பல்களை உடைத்துவிட்டு ஒடிசாவுக்கும் பீகாருக்கும் திரும்பியவர்களை எவரும் அழைத்துச் சோதிக்கவில்லை.

‘வெள்ளைக் கல்நார் தீங்கற்றது, கட்டுப்பாட்டோடு கையாளலாம்’ என்பது ஆலையதிபர்களின் பழைய பல்லவி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரின் எல்லா வகைகளையும், வெள்ளையையும் சேர்த்தே, மனிதருக்குப் புற்று விளைவிப்பவை என வகுத்திருக்கிறது. புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகளை 1986இலேயே நிறுத்திய அரசு, அதே பொருளைக் கப்பலில் இறக்குமதி செய்ய இன்றும் இசைகிறது. ஏழைக்கு மலிவான கூரை வேண்டாமா என்கிறார்கள். அந்த மலிவு விலையில் மருத்துவச் செலவு சேர்க்கப்படவில்லை. அதையும் அதே ஏழைதான் பிறகு தவணையில் கட்டுகிறார்.

காலவரையறையை, வேலையை விட்ட நாளோடு முடிச்சுப் போடாமல், நோய் உறுதியான நாளிலிருந்து எண்ண வேண்டும். தொழில்நோயைக் கண்டும் அறிவிக்காத மருத்துவருக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்த அபராதத்தின் உச்சம் ஆயிரம் ரூபாய்; அதைத் தண்டனை என்று அழைப்பதே மிகை. வெளிநோயாளிச் சீட்டில் ‘தொழில்’ என்றொரு கட்டம் இருக்கிறது. அங்கே எந்த ஆலை, என்ன பொருள், எத்தனை ஆண்டுகள் என்று கேட்டு எழுத அரை நிமிடம் போதும். இப்போது அதில் ‘கூலி’ என்று எழுதிவிட்டு, அடுத்த எண்ணை அழைக்கிறார்கள்.