பொம்மு நாயக்கர் யார்?



வேலூர் லாங் பஜாரில் மளிகை மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் இடையே வழி கண்டுபிடித்து நடப்பதே ஒரு கலை. அந்த நெரிசலில், நண்பர் ஒருவரின் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். அகழியின் கரையை அடைந்ததும் சிறுவன், "தாத்தா, இந்தக் கோட்டையைக் கட்டினவர் யார்?" என்று கேட்டான். "பொம்மி" என்றோம். "அவருடைய அப்பா யார்?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தான். அதற்கு விடை கூற அன்று நம்மால் இயலவில்லை. வீடு திரும்பியதும் நூல்களைப் புரட்டத் தொடங்கினோம்.

ஊர் மக்கள் சொல்லும் கதை இது: பத்ராசலத்திலிருந்து பொம்மி ரெட்டி என்பவர் இங்கு வந்தார்; 1274ஆம் ஆண்டளவில் கோட்டையையும் அதனுள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலையும் எழுப்பினார். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் கல்வெட்டுகள் வேறொரு காலத்தைக் காட்டுகின்றன.

அக்கல்வெட்டுகளைப் படித்து அச்சேற்றியவர்களுள் ஒருவர் ஜெர்மானியர் என்பது நமக்கு வியப்பளித்தது. டிரெஸ்டன் நகரில் பிறந்த ஹுல்ட்ஷ் என்னும் அறிஞர், 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். அவர் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில், வேலூரை அடுத்த அரப்பாக்கம், அரும்பருத்தி, சதுப்பேரி முதலிய ஊர்களின் கல்வெட்டுகள் இடம்பெற்றுள்ளன. வேலூர்ச் சின்ன பொம்மு நாயக்கரின் வேண்டுதலின் பேரில், விசயநகர மன்னர் சதாசிவராயர் காலத்தில், வேலூர்க் கோயிலுக்குக் கிராமங்கள் அளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. சக ஆண்டு 1488, அதாவது கி.பி. 1566-67. தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்து ஓராண்டு கழிந்திருந்த நேரம் அது. பேரரசின் தலைநகரம் பாழடைந்து கிடக்க, இங்கே பாலாற்றங்கரையில் ஒரு குறுநிலத் தலைவர் கோயிலுக்கு நிலம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கல்வெட்டுகளில் இறைவன் பெயர் சுரகண்டேசுவரர், அதாவது சுரத்தைத் தீர்ப்பவர் என்று இருக்கிறது. அப்பெயரே நாளடைவில் மக்கள் நாவில் மருவி, நீரைக் குறிக்கும் சலகண்டேசுவரர் ஆயிற்று என்பது ஹுல்ட்ஷின் கருத்து. பெயர் மருவியது போலவே காலமும் மருவியிருக்கக் கூடும். கதை சொல்லும் ஆண்டுக்கும் கல் சொல்லும் ஆண்டுக்கும் இடையே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன அல்லவா?

சின்ன பொம்மு நாயக்கரை மீண்டும் 1582ஆம் ஆண்டில் சந்திக்கிறோம். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலம் கோயில் கல்வெட்டு, அவ்வூரில் பிறந்த அப்பைய தீட்சிதரின் புகழைப் பேசுகிறது. தீட்சிதர் சிவார்க்கமணி தீபிகை என்னும் உரைநூலை இயற்றி, ஐந்நூறு மாணாக்கருக்குக் கற்பித்தார்; நாயக்கரோ அவரைப் பொன்னால் நீராட்டிப் பெருமை செய்தார். கோட்டைக்குள் வாளேந்திய தலைவர் கல்விக்கும் புரவலராய் விளங்கினார் என்பதை அறிகிறோம்.

சிறுவனின் இரண்டாம் வினாவுக்கு விடை, விளாப்பாக்கம் செப்பேட்டில் கிடைத்தது. 1601ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த வடமொழிச் செப்பேடு, வேங்கடபதி ராயர் விளாப்பாக்கம் கிராமத்தைத் தானம் செய்ததைக் குறிக்கிறது. தானத்தை வேண்டிப் பெற்றவர் லிங்கம நாயக்கர். அவர் வேலூர்ப் பொம்ம நாயக்கரின் மைந்தர். வீரப்ப நாயக்கரின் பேரர். பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறைகள் ஒரே ஏட்டில் நிற்கின்றன!

அக்குடும்பத்தின் ஆட்சி நீடிக்கவில்லை. மன்னரிடம் தானம் வேண்டிப் பெற்ற அதே லிங்கம நாயக்கர், சில ஆண்டுகளில் மன்னரையே எதிர்த்தார். யாசம நாயுடு தலைமையில் வந்த படை வேலூரைக் கைப்பற்றியது. வேங்கடபதி ராயர் அதைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். 1598 முதல் சந்திரகிரி அரசவையில் பணியாற்றிய சேசு சபைக் குருக்கள் மன்னரைத் தொடர்ந்து வேலூருக்கும் வந்தனர். அவர்கள் தம் தலைவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதங்கள் இந்த வரலாற்றுக்குச் சான்றாகின்றன. அக்கடிதங்களையும் கல்வெட்டுகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, 1927இல் விசயநகரத்தின் ஆரவீட்டு மரபைப் பற்றிப் பெருநூல் எழுதியவர், பம்பாய் புனித சவேரியார் கல்லூரியின் ஹெராஸ் அடிகளார்.

ஒன்றை இங்குக் கவனிக்க வேண்டும். பொம்மு நாயக்கரின் போர்களை இந்தக் கல்வெட்டுகள் நமக்குச் சொல்லவில்லை. அவர் கொடுத்த கொடைகளே அவர் பெயரைக் காத்தன. ஐரோப்பாவிலும் இதுவே நிலை. இடைக்காலத்து ஜெர்மானியப் பிரபு ஒருவரின் குலத்தைத் தேடுவோர், அவர் துறவு மடங்களுக்கு நிலம் எழுதி வைத்த சாசனங்களைத்தான் முதலில் நாடுகின்றனர். மகன் பெயரும் சாட்சிகளின் பெயரும் அவற்றில் அகப்படும். கொடுக்க நிலமில்லாத ஏழைக் குடியானவனின் பெயரோ எங்கும் அகப்படாது.

அந்தக் குறை ஒருவாறு தீரத் தொடங்கியது, பங்குகளில் ஏடுகள் எழுதப்பட்ட பின்னரே. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல், ஒவ்வொரு பங்குக் குருவும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. அரப்பாக்கம் கல்வெட்டுக்கு மூன்றே ஆண்டுகள் முந்திய கட்டளை! அன்று முதல் செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே ஏடு, ஒரே மை.

விடையைச் சொல்லச் சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். "பொம்முவின் அப்பா வீரப்பர்" என்றதும் அவன் மகிழ்ந்தான். "சரி தம்பி, உன் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?" என்று நாம் கேட்டோம். அவன் தன் தாத்தாவைப் பார்த்தான். நண்பர், தம் தந்தையின் பெயரைச் சொன்னார். தோல் பதனிடும் வேலைக்காக அவர் ஆம்பூரிலிருந்து வேலூர் வந்ததையும் சொன்னார். "அவருடைய தாயார் பெயர்?" என்று கேட்டோம். நண்பர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "ஆயா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெயர் தெரியாது" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

நம்மிடம் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. பெயருக்கு முன் நிற்கும் தலையெழுத்து தந்தையை மட்டும், அதுவும் ஓரெழுத்தாய்ச் சுமக்கிறது. நாயக்கரின் செப்பேடு மூன்று ஆண்களைச் சொன்னது. அவர்களைப் பெற்ற தாய்மாரை நாம் படித்த வரிகளில் காணோம். நம் இல்லங்களிலும் அதே குறை தொடர வேண்டுமா?

சில வாரங்கள் கழித்து நண்பர் நம்மிடம் ஒரு தாளை நீட்டினார். தம் தந்தை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குச் சென்று, பழைய பதிவேட்டிலிருந்து எழுதி வாங்கி வந்த குறிப்பு அது. தந்தை பெயர், தாய் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர் யாவும் அதில் இருந்தன. தாயின் பெயர் மரியம்மாள். தம் அறுபத்தெட்டாம் வயதில் பாட்டியின் பெயரை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார் நண்பர். பேரனும் உடன் சொன்னான்.

வாசகர்களே, உங்கள் இல்லத்து முதியோர் உயிரோடிருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமருங்கள். பெண்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள்.