'திரும்பி வாங்க' என்று அழைக்கும் அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை... விலகிப்போனவர்கள் வருவார்களா?

அமெரிக்காவின் கத்தோலிக்க ஆலயங்களில் வருஷத்துக்கு மூணு நாள் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அப்புறம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். இதில் சாம்பல் புதன் கதைதான் வேடிக்கை. திருச்சபை சட்டப்படி அன்றைக்குப் பூசைக்குப் போயே ஆகணும் என்ற கட்டாயம் கிடையாது. கட்டாயம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் வராத பலர், கட்டாயமே இல்லாத ஒரு வேலைநாளில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள்.

இவர்கள் விட்டுப் போனவர்களும் இல்லை, முழுசா உள்ளே இருப்பவர்களும் இல்லை. இவர்களையும், இவர்களைவிட ரொம்ப தூரம் போய்விட்டவர்களையும் திரும்ப அழைக்க அமெரிக்க மறைமாவட்டங்கள் பல வருஷமாக டிவி விளம்பரம் வரைக்கும் முயற்சி செய்து பார்த்துவிட்டன. இருந்தும் கணக்கு ஏன் தலைகீழாகவே போகிறது?

எத்தனை பேர் போனாங்க?

பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2007-ல் அமெரிக்கப் பெரியவர்களில் 24% பேர் கத்தோலிக்கர்கள். இப்போது சுமார் 20%. பார்க்கச் சின்ன சரிவு மாதிரி தெரியும். ஆனால் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் இந்த எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அடியில் ஓட்டை பெரியது. புதிதாக ஒருவர் கத்தோலிக்கராகச் சேர்ந்தால், 8.4 பேர் வெளியே போகிறார்கள் என்கிறது பியூவின் 2023-24 ஆய்வு. பத்து வருஷத்துக்கு முன்பு இதே கணக்கு 6.5 ஆக இருந்தது.

திரும்பி வருபவர்கள் எத்தனை பேர்? 2015-ல் பியூ இதைத் தனியாகவே ஆராய்ந்தது. கத்தோலிக்கராக வளர்க்கப்பட்ட 100 பேரில் 52 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் விலகியிருக்கிறார்கள். அந்த 52 பேரில் 11 பேர் மட்டும் திரும்பி வந்திருக்கிறார்கள். வெளியிலேயே இருப்பவர்களில் நாலில் மூணு பங்குக்கும் மேல், திரும்பி வருவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

சண்டை போட்டுப் போனார்களா?

இங்கேதான் பலரும் தப்பாக யூகிக்கிறார்கள். விலகியவர்கள் எல்லாம் ஏதோ ஒரு கோபத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனவர்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 2009-ல் வந்த பியூ ஆய்வு காட்டுவது வேறு. கத்தோலிக்கத்தை விட்டு எந்த மதத்திலும் சேராமல் இருப்பவர்களில் 71% பேர் சொன்ன காரணம், கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்விட்டோம் என்பதுதான். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 18 வயசுக்கு முன்பே விலகியவர்கள். புராட்டஸ்டண்ட் சபைகளுக்குப் போனவர்களிலும் 71% பேர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். ஆனால் அது வேறு காரணம்: எங்கள் ஆன்மிகத் தேவை அங்கே நிறைவேறவில்லை.

ஒருத்தர் சும்மா விட்டுப் போனவர். இன்னொருத்தர் பசியோடு போனவர். ரெண்டு பேருக்கும் ஒரே விளம்பரத்தைக் காட்டினால் எப்படி வேலை செய்யும்?

விளம்பரத்திலிருந்து விளக்கு வரை

விளம்பரத் துறையிலிருந்து வந்த டாம் பீட்டர்சன் தொடங்கிய 'கத்தோலிக்ஸ் கம் ஹோம்' அமைப்பு, 2008 தவக்காலத்தில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் டிவி விளம்பரங்களை ஓடவிட்டது. பிறகு நாடு முழுக்கப் பெரிய சேனல்களிலும் வந்தன. ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தார்கள் என்று அமைப்பு சொன்னது. ஆனால் தவக்காலம் என்றாலே கூட்டம் கூடும். அதில் விளம்பரம் பார்த்து வந்தவர் யார், வழக்கமாக வருகிறவர் யார் என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. ஆறு மாசம் கழித்தும் அவர் வருகிறாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதைவிட எளிமையான முயற்சி ஒன்று 2007-ல் வாஷிங்டன் உயர்மறைமாவட்டத்தில் ஆரம்பித்தது. 'உங்களுக்காக விளக்கு எரிகிறது' என்ற அர்த்தத்தில் பெயர். தவக்காலப் புதன்கிழமை மாலைகளில் எல்லாப் பங்கு ஆலயங்களிலும் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு குருவானவர் காத்திருப்பார். அவ்வளவுதான். முன்பதிவு இல்லை, படிவம் இல்லை, யாரும் பெயர் கேட்கப் போவதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நுழையலாம். மற்ற மறைமாவட்டங்களும் இதைப் பின்பற்றின. முதல் அடி எடுத்து வைக்க வெட்கப்படுகிறவரைப் புரிந்துகொண்ட ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

சரி, திரும்பி வர என்ன செய்யணும்?

சட்டம் பலரும் நினைப்பதைவிட எளிது. ஒருமுறை ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் அது அழியாது என்பது திருச்சபையின் நிலைப்பாடு. 20 வருஷம் கோயில் பக்கமே வராதவருக்கும் மறுபடி ஞானஸ்நானம் தேவையில்லை. 'முறைப்படி திருச்சபையை விட்டு வெளியேறினால்' திருமண விதிகளில் விலக்கு உண்டு என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2009-ல் போப் 16-ம் பெனடிக்ட் அதையும் எடுத்துவிட்டார். ஆக, போனவரும் சட்டத்தின் கண்ணுக்குக் கத்தோலிக்கர்தான். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம், பிறகு நற்கருணை. ஜெபங்கள் மறந்து போயிருந்தால் குருவானவரே எடுத்துக்கொடுப்பார்.

கருக்கலைப்பு செய்துகொண்டதால் இனி நமக்கு மன்னிப்பே இல்லை என்று நினைத்து ஒதுங்கிய பெண்கள் நிறைய பேர். 2015-16 இரக்கத்தின் யூபிலி ஆண்டில் எல்லாக் குருக்களும் இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்கலாம் என்று போப் பிரான்சிஸ் அனுமதி கொடுத்தார். அந்த ஆண்டு முடிந்ததும் அதை நிரந்தரமாகவே ஆக்கிவிட்டார்.

கல்யாணத்தில் மாட்டிக்கொள்ளும் கதை

உண்மையான முட்டுக்கட்டை இங்கேதான். முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடலாம்: விவாகரத்து வாங்கியதாலேயே ஒருவர் நற்கருணை வாங்க முடியாது என்று திருச்சபை சொல்லவில்லை. விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்துகொண்டால்தான் சிக்கல் வருகிறது. இது தெரியாமல், கணவன் விட்டுப் போனதும் தானாகவே கடைசி பெஞ்சுக்குப் போய், பிறகு வராமலே நின்றுபோனவர்கள் உண்டு. யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

மறுமணம் செய்தவர்களுக்குள்ள வழி, மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் முதல் திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு வாங்குவது. இது விவாகரத்து இல்லை. தொடக்கத்திலேயே அந்தத் திருமணத்தில் அடிப்படையான ஒன்று இல்லாமல் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். சாட்சிகளைத் தேடணும், பழைய காயத்தை எழுத்தில் கொடுக்கணும், முன்னாள் துணைக்கும் தகவல் போகும். நம்ம பிள்ளைகள் முறைகேடான பிள்ளைகள் ஆகிவிடுவார்களோ என்ற பயத்திலேயே பலர் விண்ணப்பிக்கவில்லை. அப்படி ஆகாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

2015-ல் பிரான்சிஸ் இந்த நடைமுறையைச் சுருக்கினார். அதுவரை முதல் தீர்ப்பு சாதகமாக வந்தாலும் இரண்டாவது தீர்ப்பாயமும் உறுதி செய்தாகணும். அந்த விதி போனது. தெளிவான வழக்குகளை ஆயரே விரைவாக முடிக்க வழி வந்தது. கட்டணம் இல்லாமல் நடத்த முயலுங்கள் என்றும் சொல்லப்பட்டது. அடுத்த வருஷம் வந்த 'அமோரிஸ் லெத்தீசியா' மடலின் 351-வது அடிக்குறிப்பு, சில சூழல்களில் அருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்றது. நாலு கர்தினால்கள் பகிரங்கமாகவே கேள்வி எழுப்பினார்கள். விளைவு, ஒரு மறைமாவட்டத்தில் 'வாங்க' என்பார்கள், பக்கத்து மறைமாவட்டத்தில் 'பொறுங்க' என்பார்கள். திரும்பி வரத் தயங்கி நிற்பவருக்கு இந்தக் குழப்பம், மறுப்பைவிட மோசம்.

ஒரே பாலினத் துணையோடு வாழ்பவர்களுக்கு இந்த அளவு வழிகூட இல்லை. 2023 டிசம்பரில் வத்திக்கான் ஆசீர்வாதம் கொடுக்க மட்டும் அனுமதித்தது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை.

'மன்னிப்பு கேட்க வேண்டியது யார்?'

ஊதாரி மைந்தன் உவமையில் மகன்தான் வீட்டை விட்டுப் போவான், அப்பா காத்திருப்பார். அழைப்பு இயக்கங்கள் எல்லாம் இந்தக் கதையைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் வீட்டுக்குள்ளேயே அநியாயம் நடந்து, அதனால் வெளியேறியவரிடம் இந்தக் கதை எடுபடாது.

2002-ல் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் குருக்களின் பாலியல் குற்றங்களையும், அவை மூடி மறைக்கப்பட்டதையும் வெளிக்கொண்டு வந்தது. 2018-ல் பென்சில்வேனியா நடுவர் குழு 300-க்கும் மேற்பட்ட குருக்களையும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளையும் பற்றிய அறிக்கை கொடுத்தது. பிள்ளைகளைப் பாதுகாக்கும் விதிகள் 2002-க்குப் பிறகு கடுமையாக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் 2009 ஆய்வில் விலகியவர்களில் நாலில் ஒருவர் அளவுக்குத்தான் இதைக் காரணமாகச் சொன்னார்கள் என்பதை வைத்து யாரும் நிம்மதிப்பட முடியாது. பென்சில்வேனியா அறிக்கை அதற்கு ஒன்பது வருஷம் கழித்து வந்தது.

பால்டிமோரைப் பாருங்கள். 1789-ல் உருவான, அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க மறைமாவட்டம். 2023 ஏப்ரலில் மேரிலாண்ட் தலைமை வழக்கறிஞர் அறிக்கை, அங்கே 600-க்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. பழைய குற்றங்களுக்கும் எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்ற புதிய மாநிலச் சட்டம் அக்டோபர் 1-ல் அமலுக்கு வர இருந்தது. அதற்கு ரெண்டு நாள் முன்னால் உயர்மறைமாவட்டம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. எல்லோருக்கும் நியாயமாக இழப்பீடு பகிர இதுதான் வழி என்றது நிர்வாகம். பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

2024-ல் அதே பால்டிமோரில் இன்னொரு அறிவிப்பு. நகரிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த 61 பங்குகள் 23 ஆகச் சுருக்கப்படுகின்றன, 30 இடங்களில் மட்டுமே வழிபாடு நடக்கும். கூட்டம் குறைந்துவிட்டது, பழைய கட்டடங்களைப் பராமரிக்கப் பணம் இல்லை. காரணம் புரிகிறதுதான். ஆனால் 30 வருஷம் கழித்து, தான் புதுநன்மை வாங்கிய கோயிலுக்கே போகலாம் என்று நினைத்து வருகிற ஒருவர் அங்கே பூட்டைப் பார்க்க நேரலாம். அவருடைய ஞானஸ்நானப் பதிவு இப்போது எந்தப் பங்கில் இருக்கிறது என்று உயர்மறைமாவட்ட அலுவலகத்துக்குத்தான் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.